சாராவின் சிவப்பு உடை: ‘ரெக்வியம் ஃபார் எ ட்ரீம்’ கதை சொல்லும் விதம்

போதையைப் பற்றிய படங்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும். ஓர் இளைஞன், கூடாத சகவாசம், முதல் ஊசி, கொஞ்ச நாள் ஆட்டம், அப்புறம் சரிவு. கடைசியில் மீண்டு வருவான், இல்லையென்றால் செத்துப்போவான். டேரன் அரோனோஃப்ஸ்கி இயக்கி 2000ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரெக்வியம் ஃபார் எ ட்ரீம்’ படத்திலும் இளைஞன் உண்டு, ஊசி உண்டு, சரிவும் உண்டு. ஆனாலும் கால் நூற்றாண்டு கழித்து இந்தப் படத்தை நாம் பேசிக்கொண்டிருப்பது அந்த இளைஞனுடைய அம்மாவால்தான் என்று நினைக்கிறேன். அவள் ஹெராயினைக் கண்ணால்கூடப் பார்க்காதவள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கியவள். அவளைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது, திறமையாக எடுக்கப்பட்ட இன்னொரு ஊசிப் படம். அவள் இருப்பதால், மற்ற மூன்று பேரின் கதையும் வேறு வெளிச்சத்தில் தெரிகிறது.

அது எப்படி நடக்கிறது என்று பார்க்க, படத்தின் முடிவு வரை போயாக வேண்டும். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

மூலக்கதை ஹ்யூபர்ட் செல்பி ஜூனியர் 1978இல் எழுதிய நாவல். செல்பி நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1928இல் பிறந்தவர். இளம் வயதில் காசநோய் வந்து நெடுங்காலம் மருத்துவமனையில் கிடந்தார். வலிக்குக் கொடுத்த மருந்துகளில் தொடங்கிய பழக்கம் ஹெராயின் வரை போனது. மருந்துச்சீட்டுக்கும் தெருச் சரக்குக்கும் நடுவே இருப்பதாக நாம் நம்பும் கோடு எவ்வளவு மெலிதானது என்பது அவருக்குச் சொந்த உடம்பிலேயே தெரிந்த விஷயம். திரைக்கதையை அரோனோஃப்ஸ்கியும் அவரும் சேர்ந்து எழுதினார்கள். படத்தின் பிற்பகுதியில் டைரோனைப் பார்த்து இளிக்கும் சிறைக்காவலராக ஒரு சின்ன வேடத்திலும் செல்பி வந்து போகிறார்.

கதையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். புரூக்ளினின் கடற்கரைப் பகுதியான கோனி ஐலண்ட். சாரா கோல்ட்ஃபார்ப் (எலன் பர்ஸ்டின்) கணவனை இழந்து தனியாக வாழ்பவள், டிவியே துணை. மகன் ஹாரி (ஜாரெட் லெட்டோ), அவன் காதலி மேரியன் (ஜெனிஃபர் கானலி), நண்பன் டைரோன் (மார்லன் வேயன்ஸ்) மூவரும் ஹெராயின் பழக்கம் உள்ளவர்கள். சரக்கை வாங்கிக் கைமாற்றி விற்றுக் காசு சேர்த்து வாழ்க்கையில் நிமிர்ந்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. சாராவுக்கு ஒருநாள் தொலைபேசி அழைப்பு வருகிறது: டிவி நிகழ்ச்சியில் பங்கேற்க அவள் தேர்வாகியிருக்கிறாளாம். கோடையில் எல்லாம் கைகூடுவதுபோல் தெரிகிறது. குளிர்காலம் முடியும்போது நான்கு பேரிடமும் எதுவும் மிச்சமில்லை.

சாவித்துளை வழியாக

இந்தப் படத்தின் முதல் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். மொத்தக் கதையையும் அது சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறது, அதுவும் சொல்வதாகக் காட்டிக்கொள்ளாமல்.

அம்மாவின் டிவியை அடகுக் கடைக்குக் கொண்டுபோக ஹாரி வந்திருக்கிறான். இது முதல் தடவை இல்லை என்பது நமக்கு உடனே புரிகிறது, ஏனென்றால் டிவியைச் சங்கிலி போட்டு ரேடியேட்டரோடு பூட்டி வைத்திருக்கிறாள் சாரா. அவன் சத்தம் போடுகிறான். அவள் சின்ன அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு சாவித்துளை வழியாக அவனைப் பார்க்கிறாள். இங்கே திரை இரண்டாகப் பிளக்கிறது: ஒரு பாதியில் அவள், மறுபாதியில் அவன். நடுவில் இருக்கும் கதவே திரையை வெட்டும் கோடாகிவிடுகிறது.

சங்கிலியைப் பார்த்ததும் ஹாரிக்குக் கோபம் வருகிறது. தன்னைக் குற்றவுணர்வில் தள்ளத்தான் அம்மா இப்படிச் செய்கிறாள் என்று கத்துகிறான். திருட வந்தவன் தன் மனம் புண்பட்டதாக முறையிடுகிறான்! பழக்கத்துக்கு அடிமையான ஒருவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு இந்தத் தலைகீழ் நியாயம் நன்றாகத் தெரியும். அம்மாவோ சங்கிலி அவனுக்காக இல்லை, திருடர்களுக்காக என்று சமாதானம் சொல்லிச் சாவியைக் கதவுக்கடியில் தள்ளிவிடுகிறாள். அப்புறம், இறந்துபோன கணவன் சீமரிடம் பேசுவதுபோலத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள்: இதெல்லாம் நடக்கவே இல்லை, நடந்தாலும் கடைசியில் எல்லாம் சரியாகிவிடும்.

அந்த ஒரு வார்த்தையில் சாராவின் நோய் முழுவதும் இருக்கிறது. மாத்திரை இன்னும் அவள் வாயருகே வரவில்லை. ஆனால் நடப்பதை நடக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளும் பயிற்சி அவளுக்குப் பல வருடமாக இருக்கிறது. அடுத்து அவள் செய்வது அடகுக் கடைக்கு நடந்துபோய்த் தன் டிவியைத் தானே காசு கொடுத்து மீட்பது. கடைக்காரர் ராபினோவிட்ஸ், மகனைப் பற்றிப் போலீசில் சொன்னால் என்ன என்று கேட்கிறார். எப்படி முடியும், அவன் ஒருவன்தானே எனக்கு என்கிறாள்.

இந்தச் சுற்றைக் கவனியுங்கள். மகன் டிவியை விற்றுச் சரக்கு வாங்குகிறான். அம்மா டிவியை மீட்டு அதன் முன்னால் உட்காருகிறாள். இருவருடைய தேவையும் ஒரே பெட்டியின் மேல் சுழல்கிறது. போதையையும் டிவியையும் ஒப்பிட்டு யாரும் படத்தில் பிரசங்கம் செய்வதில்லை. ஓர் அடகுக் கடைப் பரிவர்த்தனை அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ஊசிக்கும் மாத்திரைக்கும் ஒரே இலக்கணம்

அரோனோஃப்ஸ்கி ‘ஹிப்-ஹாப் மோன்டாஜ்’ என்று அழைத்த உத்தி, 1998இல் வந்த அவருடைய முதல் படமான ‘பை’யிலேயே உண்டு. இங்கே அது முழு வளர்ச்சி அடைகிறது. பல்லால் கிழிக்கப்படும் சிறு பொட்டலம், லைட்டரின் சுடர், கரண்டியில் கொதிக்கும் திரவம், பஞ்சு, உறிஞ்சும் ஊசி, ரத்த ஓட்டம், கண்ணின் கருமணி சட்டென்று விரிவது. எல்லாம் க்ளோசப். ஒவ்வொன்றும் நொடிக்கும் குறைவு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு கூர்மையான ஒலி, தாளம்போல. கண்சிமிட்டுவதற்குள் முடிந்துவிடுகிறது.

இதில் இல்லாதது எது என்று பார்த்தால்தான் உத்தியின் புத்திசாலித்தனம் புரியும். போதை ஏறிய இன்பம் இதில் அநேகமாக இல்லை. வேறு படங்கள் அந்த இடத்தில் நிதானித்து, வண்ணம் பூசி, இசை போட்டு மயங்க வைக்கும். பார்ப்பவருக்குக் கொஞ்சம் ஆசைகூட வரும். இங்கே சடங்கு காட்டப்படுகிறது, பலன் தாவிக் கடக்கப்படுகிறது. பழக்கம் முற்றியவரின் நாள் அப்படித்தான் போகிறது: தேடுவது, காசு புரட்டுவது, காத்திருப்பது, தவிப்பது என்று நேரமெல்லாம் அதிலேயே கரைந்துவிடும். ஏற்றிக்கொள்ளும் கணம் மிகச் சிறியது. ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் போதைக்கு உடம்பு பழகப் பழக அளவு கூட வேண்டியிருக்கும், ஒரு கட்டத்துக்குப் பிறகு சாதாரணமாக இருப்பதற்கே ஊசி தேவைப்படும். படம் இதை யார் வாயிலும் வசனமாக வைக்கவில்லை. அதே ஷாட்கள் அதே வரிசையில் திரும்பத் திரும்ப வருகின்றன. முதல் தடவை நமக்கு விறுவிறுப்பாக இருந்தது, போகப் போக எரிச்சலாகவும் பயமாகவும் ஆகிறது. பார்வையாளருக்கே அந்த ஷாட்கள் பழகிச் சலித்துவிடுகின்றன.

இந்த உத்தியின் உண்மையான அடி விழுவது சாராவிடம். டிவி நிகழ்ச்சிக்காக எடையைக் குறைக்க உணவுக் கட்டுப்பாட்டில் இறங்குகிறாள். முட்டை, பாதி கிரேப்ஃப்ரூட், பால் சேர்க்காத காபி. மூன்றும் அதே வேகத்தில், அதே மாதிரி வெட்டப்பட்ட ஷாட்களில் தட்டிலிருந்து காணாமல் போகின்றன. டிவி ரிமோட்டை அழுத்துவதும் அப்படியே. மாத்திரை வந்த பிறகு டப்பா திறப்பது, உள்ளங்கையில் விழுவது, விழுங்குவது எல்லாம் அதே தாளத்தில் ஓடுகின்றன. மகனின் ஊசிக்கும் அம்மாவின் மாத்திரைக்கும் எடிட்டர் ஜே ராபினோவிட்ஸ் ஒரே இலக்கணத்தைக் கொடுத்துவிட்டார். சட்டமும் சமூகமும் இரண்டையும் வேறு வேறு அலமாரியில் வைக்கலாம், படத்தொகுப்பு வைக்கவில்லை. சுமார் நூறு நிமிடப் படத்தில் ஏறத்தாழ 2,000 வெட்டுகள் இருப்பதாகச் சொல்வார்கள். இந்த நீளமுள்ள படத்துக்கு வழக்கத்தைவிட அது இரண்டு மூன்று மடங்கு.

ஒரு சின்னக் குறிப்பு. ஹெராயின் ஏறினால் கருமணி விரியாது, ஊசிமுனைபோலச் சுருங்கும். விரிய வைப்பது ஆம்ஃபெட்டமின் போன்ற ஊக்கிகள், சாரா விழுங்கும் மாத்திரை அந்த வகைதான். அதாவது, படத்தின் மிகப் பிரபலமான ஷாட் மருத்துவப்படி மகனுக்குப் பொருந்தாமல் அம்மாவுக்குத்தான் பொருந்துகிறது. திட்டமிட்டு வைத்ததாகச் சொல்ல மாட்டேன். விரியும் கண் திரையில் பார்க்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான் காரணமாக இருக்க வேண்டும்.

வானவில் மாத்திரைகள்

சாராவுக்கு அழைப்பு வந்ததும் அலமாரியிலிருந்து ஒரு சிவப்பு உடையை எடுக்கிறாள். ஹாரி பள்ளிப் படிப்பை முடித்த விழாவுக்கு அணிந்தது. கணவன் உயிரோடு இருந்தான், மகன் நல்ல பிள்ளையாக இருந்தான், குடும்பம் குடும்பமாக இருந்தது. இப்போது அந்த உடையின் ஜிப் ஏறவில்லை. எடையைக் குறைத்து அதற்குள் நுழைந்துவிட்டால் அந்த நாளுக்குள்ளேயே நுழைந்துவிடலாம் என்பதுபோல இருக்கிறது அவள் முயற்சி. தலைக்குச் சிவப்புச் சாயம் பூசித் தரும் தோழியின் கைவண்ணத்தில் முடி ஆரஞ்சு நிறமாகிவிடும் காட்சி சிரிப்பைத்தான் வரவழைக்கிறது. படம் சாராவைத் தொடக்கத்தில் கேலியும் பிரியமுமாகவே பார்க்கிறது. பின்னால் நடப்பதெல்லாம் இன்னும் வலிப்பது அதனால்தான்.

பட்டினி தாங்காமல் டாக்டரிடம் போகிறாள். டாக்டர் அவள் முகத்தைச் சரியாகப் பார்ப்பதுகூட இல்லை. காலையில் ஊதா, மதியம் நீலம், மாலையில் ஆரஞ்சு, இரவில் பச்சை என்று வேளைக்கு ஒரு நிறம். பகல் மாத்திரைகள் பசியை அடக்கும் ஊக்கிகள், இரவு மாத்திரை தூங்க வைப்பது. இது கற்பனைச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் 1960களின் இறுதி வரை ‘வானவில் மாத்திரைகள்’ என்ற பெயரில் வண்ண வண்ணமான எடைக் குறைப்பு மாத்திரைகள் தாராளமாகப் புழங்கின. ஆம்ஃபெட்டமினோடு தைராய்டு ஹார்மோன், சிறுநீர் பெருக்கிகள், தூக்க மருந்து என்று பலவற்றை அவற்றில் கலந்தார்கள். சாவுகள் நடந்த பிறகுதான் அரசு விழித்துக்கொண்டது. 1971இல் ஆம்ஃபெட்டமின் கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குப் போனது. செல்பி நாவல் எழுதியபோது அந்த நினைவு பழசாகியிருக்கவில்லை.

ஆம்ஃபெட்டமின் என்ன செய்யும் என்பதை பர்ஸ்டினின் உடம்பு வரிசையாகக் காட்டுகிறது. முதலில் உற்சாகம்: வீடு முழுவதும் வேகவேகமாகப் பளபளவென்று ஆகிறது. பிறகு பல்லைக் கடிப்பது, தூக்கமின்மை, நாற்காலியில் உட்கார முடியாத பரபரப்பு. மாத்திரை முன்போல வேலை செய்யவில்லை என்று தானாகவே எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறாள். பிறகு சந்தேகம், மாயத்தோற்றம். சமையலறை ஃபிரிட்ஜ் உறுமுகிறது, நகர்கிறது, வாய் திறந்து அவளை நோக்கி வருகிறது. ஃபிரிட்ஜ் அரக்கனாவது அபத்தமான யோசனைதான், எழுத்தில் கேட்டால் சிரிப்பு வரும். திரையில் அது பலிப்பதற்குக் காரணம், பசியும் அந்தப் பெட்டியும் அவளும் அந்த வீட்டில் எத்தனை நாள் தனியாக அடைபட்டுக் கிடந்திருக்கிறார்கள் என்பதை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். இன்னொரு கட்டத்தில் அவள் பார்க்கும் டிவி நிகழ்ச்சியின் தொகுப்பாளரும் சிவப்பு உடையில் ஜொலிக்கும் இன்னொரு சாராவும் திரையிலிருந்து இறங்கி அவள் வீட்டு ஹாலுக்கே வந்து, வீட்டையும் அவளையும் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவளுக்கு இதைவிடக் கொடிய தண்டனையை யாரும் யோசித்திருக்க முடியாது.

படம் நின்று பேசும் இடம்

இவ்வளவு வேகமாக ஓடும் படம் ஓரிடத்தில் ஓட்டத்தை நிறுத்துகிறது. அந்தக் காட்சிக்காகவே இந்தப் படத்தை மறுபடி பார்க்கலாம்.

கையில் காசு புரளும் நேரத்தில் ஹாரி அம்மாவைப் பார்க்க வருகிறான். பழைய பாவத்துக்குப் பரிகாரமாகப் பெரிய டிவி ஒன்றை அவளுக்காக வாங்கியிருப்பதாகச் சொல்கிறான். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு சத்தம் கேட்கிறது: அம்மா பல்லைக் கடிக்கிறாள். அவனுக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது. டாக்டர் கவனிக்காததை, தோழிகளுக்குத் தெரியாததை, போதைக்கு அடிமையான மகன் ஒரே நொடியில் கண்டுபிடிக்கிறான். அவன் அனுபவம் அப்படி. அதை விட்டுவிடு அம்மா, நீயும் அடிமையாகிவிடுவாய் என்று அவன் கெஞ்சும்போது அந்த அறையில் அவன்தான் விவரம் தெரிந்த ஆள்.

அதற்கு சாரா சொல்லும் பதில்தான் படத்தின் நடுத்தூண். இப்போது நானும் ஒரு ஆள், எல்லோருக்கும் என்னைப் பிடித்திருக்கிறது என்கிறாள். வெளியில் தோழிகளோடு வெயில் காயும்போது நல்ல இடம் தனக்குக் கிடைப்பதைச் சொல்கிறாள். காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருக்கிறது என்கிறாள். பிறகு குரல் இறங்குகிறது. உன் அப்பா போய்விட்டார், நீயும் போய்விட்டாய். படுக்கையை எதற்கு விரிக்க வேண்டும், பாத்திரத்தை எதற்குக் கழுவ வேண்டும்? செய்கிறேன், ஆனால் யாருக்காக? தனியாக இருக்கிறேன், வயதாகிவிட்டது என்கிறாள். ஹாரியிடம் இதற்குப் பதில் இல்லை. நமக்கும் இல்லை, அவள் சொல்வதில் தவறே கிடையாது.

இந்த இடத்தில் கேமரா பர்ஸ்டினின் முகத்திலிருந்து லேசாக விலகிச் சரிகிறது. உத்தியென்று நினைக்கத் தோன்றும். ஒளிப்பதிவாளர் மேத்யூ லிபாடிக் அழுதுகொண்டே எடுத்ததில் வ்யூஃபைண்டர் மங்கிவிட்டதாம். இயக்குநர் அந்த டேக்கையே வைத்துக்கொண்டார். பர்ஸ்டினுக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, விருது அந்த வருடம் ஜூலியா ராபர்ட்ஸுக்குப் போனது.

இதற்கு அடுத்து வருவது டாக்ஸி. பின்சீட்டில் உட்கார்ந்து ஹாரி அழுகிறான். அம்மாவுக்கு நடப்பது என்னவென்று அவனுக்குத் தெரியும், தடுக்கத்தான் தெரியவில்லை. அழுகை தாங்காத அந்தக் கணத்தில் அதே பொட்டலம், அதே சுடர், அதே விரியும் கண். அழுகை நின்றுவிடுகிறது. போதை எதற்குப் பயன்படுகிறது என்று கேட்டால் பக்கம் பக்கமாக எழுதலாம். இந்தப் படம் ஒரு டாக்ஸிப் பயணத்தில் முடித்துவிடுகிறது.

இளவேனில் இல்லாத வருடம்

படம் கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்று மூன்று பகுதிகளாகப் பிரிகிறது. நிலமும் பொழுதும்தான் முதற்பொருள் என்ற தொல்காப்பிய மரபில் வளர்ந்த நமக்கு, பொழுது மாறினால் உணர்ச்சி மாறும் என்பது புதிதில்லை. இங்கே பொழுது தரும் தகவல் எளிமையானது: இளவேனில் வராது. வருடம் வட்டமாகச் சுழலாமல் ஒரே சரிவாக இறங்குகிறது. கோடையின் வெளிச்சம் மெல்ல வற்றி, கடைசிப் பகுதியில் எல்லாம் நீலமும் சாம்பலும் குழல்விளக்கின் பச்சையுமாகிறது.

பிளவுத்திரையும் இந்தச் சரிவோடு சேர்ந்து பேசுகிறது. கோடையில் ஹாரியும் மேரியனும் அருகருகே படுத்துக்கொண்டு பேசும் காட்சி இருக்கிறது. காதல் காட்சிதான், மென்மையானதும்கூட. ஆனால் திரை இரண்டாக வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு பாதியில் முகம், மறுபாதியில் தோளை வருடும் விரல். ஒரே கட்டிலில் இருந்தும் ஒரே ஃபிரேமில் இல்லை. பிறகு காசுக்காக மேரியன் தன் பழைய மனநல ஆலோசகரோடு படுக்க நேர்கிறது, அதை அவளிடம் கேட்டதே ஹாரிதான். அவர் வீட்டிலிருந்து அவள் வெளியேறும்போது கேமரா அவள் உடம்பிலேயே கட்டப்பட்டிருக்கிறது. ஸ்னோரிகேம் என்று இதற்குப் பெயர். முகம் அசையாமல் நடுவில் நிற்க, லிஃப்ட்டும் தெருவும் பின்னால் ஆடுகின்றன. அவளுக்குத் தன்னிடமிருந்து தப்ப இடமில்லை. முன்பு துப்பாக்கிச் சூட்டிலிருந்து ரத்தம் தெறித்த முகத்தோடு டைரோன் ஓடும்போதும் இதே கேமராதான்.

குளிர்காலம் வந்ததும் நான்கு கதைகளும் தனித்தனியாகப் பிரிகின்றன. சரக்கைத் தேடி ஃபுளோரிடாவுக்குக் காரில் கிளம்பிய ஹாரியின் கை ஊசி குத்திய இடத்தில் அழுகிப்போகிறது, டைரோனோடு சிறைக்குப் போகிறான், கை வெட்டப்படுகிறது. டைரோன் நிறவெறி பிடித்த காவலர்களின் கீழ் சிறை வேலையில் வதைபடுகிறான். மேரியன் சரக்குக்காகத் தன்னை ஒரு கூட்டத்தின் முன் விற்கிறாள். டிவி அலுவலகத்தைத் தேடிப் புறப்பட்ட சாரா மனநல மருத்துவமனையில் மின்னதிர்ச்சி சிகிச்சைக்கு ஆளாகிறாள். இந்த நான்கையும் குறுக்கும் நெடுக்குமாக வெட்டி, வேகம் கூட்டி, கிளின்ட் மேன்ஸலின் இசையை க்ரோனோஸ் குவார்டெட் வாசிக்க, உச்சத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மேன்ஸலின் மெட்டு ரொம்பச் சிறியது, சில சுரங்கள் திரும்பத் திரும்ப வருவதுதான். கதைக்கு ஏற்ற வடிவம். அதே மெட்டைப் பெரிய வாத்தியக் குழுவோடு மாற்றியமைத்து ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வரிசையின் ‘தி டூ டவர்ஸ்’ டிரெய்லரில் போட்டார்கள். இந்தப் படத்தைக் கேள்விப்படாதவர்கள் பலர் அந்த இசையைப் போர்க்கள இசை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த உச்சக்காட்சியில்தான் எனக்குப் படத்தோடு சண்டை. சாராவின் சரிவு ஒவ்வொரு படியாக நம் கண்முன் நடந்தது. மற்றவர்களுக்கு அந்த நியாயம் கிடைக்கவில்லை. டைரோனுக்கு அம்மா மடியில் ஓடி உட்கார்ந்த ஒரு சிறுவயது நினைவு தரப்படுகிறது, அதற்கு மேல் அவனை யாரென்று படம் விசாரிக்கவில்லை. மேரியனின் உடை வடிவமைப்புக் கனவு சில வரைபடங்களோடு நிற்கிறது, ஆனால் அவள் அவமானப்படும் காட்சி மட்டும் விவரமாக இருக்கிறது. அந்தக் காட்சிக்காகத்தான் அமெரிக்கத் திரைப்படத் தரச்சான்று அமைப்பு பெரியவர்களுக்கு மட்டுமான என்சி-17 தரம் கொடுத்தது. அரோனோஃப்ஸ்கி வெட்ட மறுத்தார், மேல்முறையீடும் தோற்றது, ஆர்டிசன் நிறுவனம் தரச்சான்று இல்லாமலேயே படத்தை வெளியிட்டது. வெட்ட மறுத்ததை மதிக்கிறேன். அந்தப் பெண்ணைப் பார்த்து ஆரவாரிக்கும் கூட்டத்தின் இடத்தில் கேமராவும் சற்று நேரம் நின்றுவிடுகிறது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மருத்துவத் தகவலிலும் இங்கே பெரிய இடறல் உண்டு. சாராவுக்கு விழித்த நிலையில், வாயில் கட்டையோடு மின்னதிர்ச்சி தரப்படுவதாகக் காட்டுகிறார்கள். மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் கொடுத்து இதைச் செய்யும் முறை படம் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே வழக்கத்துக்கு வந்துவிட்டது. கடுமையான மனச்சோர்வுக்கு இன்றும் பலன் தரும் சிகிச்சை அது. ஊசி அழுகலோடு வந்தவனைப் போலீசிடம் ஒப்படைக்கும் மருத்துவர், மருந்தைத் திணிக்கும் மருத்துவமனை என்று குளிர்காலப் பகுதியில் உதவும் கை ஒன்றுகூட இல்லை. நடுவில் நின்று ஒருவர் மீண்டு வரும் வாய்ப்பைக் கதை கண்ணில்கூடக் காட்டுவதில்லை. நிஜத்தில் மீள்கிறவர்கள் இருக்கிறார்கள். நாவலை எழுதிய செல்பியே மீண்டவர்தான்!

ஆனாலும் நான்கு பேரும் ஒவ்வொருவராகப் பக்கவாட்டில் திரும்பி, கருவிலிருக்கும் குழந்தைபோலச் சுருண்டுகொள்ளும் கடைசி ஷாட்களைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. மருத்துவமனையில் கண்விழிக்கும் ஹாரியிடம் நர்ஸ், உன் மேரியன் வருவாள் என்கிறாள். வரமாட்டாள் என்று அவன் சொல்கிறான். அதே நேரம் மேரியன் சோபாவில் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லேசாகச் சிரிக்கிறாள். சாராவுக்கு மட்டும் படம் ஒரு கனவை விட்டுவைக்கிறது: மேடை, சிவப்பு உடை, கைதட்டல், ஓடிவந்து கட்டிக்கொள்ளும் மகன். அது கருணையா கொடூரமா என்று என்னால் இன்னும் முடிவு செய்ய முடியவில்லை. தொடக்கத்தில் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம் இப்போது அவளுக்கு முழுநேர இருப்பிடமாகிவிட்டது. அதைத் தந்தது மருத்துவம், அதுவும் சட்டப்படி.

இதை எச்சரிக்கைப் படமாகப் பள்ளி கல்லூரிகளில் போட்டுக் காட்ட வேண்டும் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏற்கெனவே பழக்கத்திலிருந்து மீண்டுகொண்டிருக்கும் ஒருவருக்குக் கரண்டியும் சுடரும் ஊசியும் திரையில் தெரிவதே அடங்கியிருந்த ஆசையைக் கிளப்பிவிடக்கூடும். சூழலில் தென்படும் இப்படிப்பட்ட குறிப்புகள் தவிப்பைத் தூண்டும் என்பது சிகிச்சைத் துறையில் நன்கு அறியப்பட்ட விஷயம். பலனைத் தாவிச் சடங்கை மட்டும் காட்டும் உத்திக்கு இப்படி ஒரு பின்விளைவும் இருக்கிறது. யாருக்காவது ஒரு காட்சியைத்தான் காட்ட வேண்டும் என்றால், அம்மாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைப் போட்டுவிட்டு, டாக்ஸி வருவதற்குள் நிறுத்திவிடுவேன்.